பாம் ஸ்பிரிங்ஸில் 1958-ஆம் ஆண்டு வீடு: கோடையிலும் குடியிருக்க முடியுமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, கலிபோர்னியாப் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபோக நானும் மனைவியும் யோசிக்கிறோம். 1958-இல் கட்டிய அலெக்ஸாண்டர் வீடு ஒன்று பிடித்துப்போய்விட்டது. சிறகுபோல இரு பக்கமும் உயர்ந்த பட்டாம்பூச்சிக் கூரை, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நீச்சல்குளம். தெருவில் ஈ காக்கை சத்தமில்லை. இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஆண்டு முழுவதும் அங்கேதான் இருப்போம். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கோடையைத் தாங்குமா? வாசற்கதவுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்க அனுமதி வேண்டுமா?

பதில்:

தாங்கும். ஆனால் அந்த வீடு யாருக்காக, எந்தப் பருவத்துக்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிட்டு வாங்கினால் முதல் ஜூலை மாதமே அது நினைவூட்டிவிடும். ஜார்ஜ் அலெக்ஸாண்டரும் அவர் மகன் ராபர்ட்டும் 1955-க்கும் 1965-க்கும் இடையில் பாம் ஸ்பிரிங்ஸில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். பெரும்பாலானவற்றை வரைந்தது டான் பால்மர், வில்லியம் கிரிசெல் இருவரின் நிறுவனம். வாங்கியவர்களில் நிறையப் பேர் நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்புகிறவர்கள், அல்லது வாரக்கடைசிக்கு வருகிறவர்கள். 1957 வாக்கில் எழுந்த ட்வின் பாம்ஸ் பகுதியில் வீட்டின் தரைப்படம் ஏறத்தாழ ஒன்றேதான்: 40 அடிக்கு 40 அடி, 1,600 சதுர அடி. அதையே மனையில் திருப்பித் திருப்பி வைத்து, ஒன்றுக்குத் தட்டைக் கூரை, அடுத்ததற்குப் பட்டாம்பூச்சி, அதற்கடுத்து முக்கோணம் என்று மாற்றியதால் தெருவில் நடக்கும்போது ஒரே அச்சு என்று தோன்றாது.

மலிவாகவும் வேகமாகவும் கட்ட அவர்கள் எதையெல்லாம் விட்டார்கள் என்று பாருங்கள். கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே வெற்றிடம் இல்லை. தரைக்குக் கீழே தவழ்ந்து போக இடம் இல்லை. கான்கிரீட் ஸ்லாப் நேராக மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. சுவரில் பாதி கண்ணாடி. சாதாரண அமெரிக்க வீட்டில் குழாய், கம்பி, டக்ட் (ஏசி காற்று போகும் குழாய்) எல்லாம் பரணிலோ தரைக்கு அடியிலோ கிடக்கும். இங்கே எதையும் ஒளித்துவைக்க இடமே இல்லை. இந்த வகை வீட்டில் வரும் பெரிய செலவுகளைப் பிடித்து இழுத்தால் முக்கால்வாசி இந்த ஒரே வேரில் போய் முடியும்.

வீட்டுக்கு முன்னால் நிலம். பாம் ஸ்பிரிங்ஸ் நிலப்படம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். 1870-களில் ஒரு சதுர மைல் கட்டங்களில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை ரயில்வேக்கும், இரட்டைப்படை எண்ணுள்ளவை அகுவா கலியென்டே கவீயா பழங்குடியினருக்கும் என்று பிரிக்கப்பட்டன. பழங்குடி நிலத்தை 99 ஆண்டுவரை குத்தகைக்கு விட 1959-இல் சட்டம் வந்த பிறகு அதிலும் வீடுகள் எழுந்தன. ஆகவே சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் மனையும் சேர்ந்து உங்களுடையது. எதிர்ப்பக்கம் வீடு மட்டும் உங்களுடையது, மனை குத்தகை. விளம்பரத்தில் ஒன்றை ‘ஃபீ லேண்ட்’ என்றும் மற்றதை ‘லீஸ் லேண்ட்’ என்றும் போட்டிருப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு வீடுகளில் ஒன்று மட்டும் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

குத்தகை நிலம் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று விவரம் கையில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்: குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, இப்போதைய வாடகை எவ்வளவு, அடுத்த உயர்வு எப்போது, எந்தக் கணக்கில். கடன் விதிகள் பொதுவாக, கடன் முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டாவது குத்தகை மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். 30 ஆண்டுக் கடனுக்கு 35 ஆண்டு மீதி வேண்டும். இன்று 38 ஆண்டு மீதமிருந்தால் உங்களுக்குக் கடன் கிடைக்கும். ஐந்து வருடம் கழித்து உங்களிடமிருந்து வாங்க வருபவருக்குக் கிடைக்காது. அந்த வீட்டின் விலை அப்போது எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. ஊருக்கு வடமேற்கில் சான் கோர்கோனியோ கணவாய். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடம். வசந்த காலத்தில் அந்தச் சந்து வழியாக வரும் காற்று ஊரின் வடகோடியில் மணலை வாரி இறைக்கும். காரின் முன்கண்ணாடியும் வீட்டுக் கண்ணாடியும் சில ஆண்டுகளில் மணல்தாள் தேய்த்ததுபோல மங்கிவிடும். டொனால்ட் வெக்ஸ்லரும் ரிச்சர்ட் ஹாரிசனும் 1960-களின் தொடக்கத்தில் வடிவமைத்த ஏழு எஃகு வீடுகளும் அந்த வடக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தெற்கே போகப்போக மலை மறைத்துக்கொள்ளும். ட்வின் பாம்ஸ் போன்ற தெற்குப் பகுதிகளில் அதே நாளில் மரக்கிளைகள் லேசாகத்தான் ஆடும்.

மலையோரத்துப் பேட்டைகளுக்கு இன்னொரு கணக்கு. மேற்கே சான் ஹசின்டோ சிகரம் 10,834 அடி. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு அடிகூட இல்லை. அடிவாரத்தை ஒட்டிய தெருக்களில் டிசம்பரில் பிற்பகல் மூன்று மணி வாக்கிலேயே வெயில் போய்விடும். குளத்தருகே மாலை வெயில் காயலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு அது ஏமாற்றம். ஆண்டு முழுக்க இருக்கப் போகும் உங்களுக்கு அதுவே லாபம்; கோடையிலும் மற்ற இடங்களைவிட முன்னதாக நிழல் விழும்.

இனி கூரை. இந்த வீட்டில் கூரை என்பது விட்டங்களின் மேல் அடித்த, ஒன்றோடொன்று பொருந்தும் 2 அங்குலப் பலகைகள். உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற அந்த அழகான மரமே கூரையும்தான். 1958-இல் அதன் மேல் தாரும் சரளைக்கல்லும் போட்டார்கள். வெப்பத்தைத் தடுக்கும் திறனை அமெரிக்காவில் ஆர்-மதிப்பு என்று சொல்வார்கள். அந்தப் பலகைக்கு அது 2, மிஞ்சினால் 3. சாதாரண வீட்டுப் பரணில் இன்று 38-க்குக் குறையாமல் பஞ்சு போடுகிறார்கள்.

இதற்கு இந்த ஊர் கண்ட வழி ஃபோம் ரூஃப். பாலியூரித்தேன் நுரையைக் கூரை மேல் நேரடியாகத் தெளிப்பார்கள். நொடிகளில் பொங்கி இறுகிவிடும். ஒரு அங்குலத்துக்கு ஆர்-மதிப்பு 6 சொச்சம். அதன் மேல் வெள்ளைப் பூச்சு. உள்ளே மர உட்கூரை அப்படியே இருக்கும், வெளியே வெப்பம் நின்றுவிடும். கேட்க எளிது. கெடுவது எங்கே என்றால், நுரையில் இல்லை, பூச்சில். நுரைக்கு வெயில் ஆகாது. பூச்சு தேய்ந்து நுரை வெளியே தெரிந்தால் மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் பொடியாக உதிரும். பறவைகள் கொத்தும் ஓட்டையிலும் இதே கதை. பாலைவனத்தில் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கூரையைக் கழுவி மறுபூச்சு அடித்துக்கொண்டே இருந்தால் அடியில் இருக்கும் நுரை பல பத்தாண்டு வரும். விட்டுவிட்டால் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

பூச்சில் இரண்டு வகை. அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் தேங்கிய தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். சிலிக்கோன் தண்ணீரைத் தாங்கும். ஆனால் வழுக்கும், தூசியைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறமாகும், அதன் மேல் பிறகு சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. பட்டாம்பூச்சிக் கூரையில் இரண்டு சிறகும் நடுப்பள்ளத்தில் சந்திக்கின்றன. மழை முழுவதும் அங்கேதான் வரும். அந்தப் பள்ளத்துக்குச் சிலிக்கோனே சரி என்பது என் கருத்து. முதலில், பள்ளம் வடிகாலை நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். ஒரு அடிக்குக் கால் அங்குலச் சரிவாவது வேண்டும். மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் நீர் நின்றால் அது குறை. பாலைவனத்தில் மழைக்கு எங்கே போவது? ஒரு ஹோஸ் பைப்பை மேலே கொண்டுபோய்ப் பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள். பள்ளத்தின் நீர் வெளியேற ஒரே ஓட்டை இருந்து, அதை அடைக்கப் பனையோலைத் துண்டு ஒன்று இருந்தால் போதும், கூரை தொட்டியாகிவிடும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் வந்தபோது ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஓராண்டு முழுக்கப் பெய்வதே 5 அங்குலத்தை ஒட்டித்தான். அவசர வடிகால் ஒன்று இரண்டாவதாக இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இந்தக் கூரையில் கஷ்டம். பலகைகளின் இணைப்புக் காடி வழியாகத் தண்ணீர் ஓடி, ஓட்டைக்குப் பத்தடி தள்ளி உள்ளே கறையாகத் தெரியும். கறைக்கு நேர் மேலே பூசிவிட்டுப் போகிறவரை நம்ப வேண்டாம். உள்ளே மரத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கறையை மறைக்கத்தானோ என்று ஒருமுறை சந்தேகப்படுவதில் தவறில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விட்ட முனைகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; வெயிலில் பிளந்து, பிளவில் நீர் இறங்கி, மேலே வண்ணம் பளபளக்க உள்ளே உளுத்திருக்கும். வாங்கும் முன் எடுக்கும் கரையான் ஆய்வறிக்கையில் ‘செக்‌ஷன் 1’ என்ற தலைப்பில் இருப்பது இப்போதே இருக்கிற சேதம். ‘செக்‌ஷன் 2’ என்பது பின்னால் வரக்கூடியது. முதலாவதற்கான செலவை விற்பவரிடம் பேசிக் குறைக்கலாம்.

இன்னொன்று, நுரையை மேலும் மேலும் தெளித்துக்கொண்டே போனால் கூரை விளிம்பு தடிக்கும். இந்த வீட்டின் அழகே அந்த மெல்லிய விளிம்புக் கோடுதான். ஓரத்தில் நுரையைச் சரித்துக் குறைக்கத் தெரிந்த ரூஃபரைப் பிடியுங்கள். அவர் முன்பு செய்த அலெக்ஸாண்டர் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

ஏசிக்கு வருவோம். ஜூலையில் சராசரி உச்சம் 42 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலை 5 அன்று 51 டிகிரி, அதாவது 124 ஃபாரன்ஹீட், இந்த ஊரின் உச்ச அளவு. ஏசி இயந்திரத்தின் டன் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும் நிலைக்குத் தரப்படுவது. 46 டிகிரியில் அதே இயந்திரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகத்தான் குளிர்விக்கும், மின்சாரமும் அதிகம் இழுக்கும். 1,600 சதுர அடி என்றால் மற்ற ஊரில் மூன்று டன்னோடு முடித்துக்கொள்வார்கள். இங்கே நான்கு, ஐந்து டன் சாதாரணம். ஆனால் பெரிதாகப் போட்டால் நல்லது என்று ஊகத்தில் போடக் கூடாது. கண்ணாடியின் திசை, கூரை நுரையின் தடிமன் எல்லாம் சேர்த்து ‘மேனுவல் ஜே’ என்ற கணக்கைப் போட்டுக் கேளுங்கள். கணக்குப் போடாமல் பழைய மெஷின் அளவையே எழுதித் தரும் கான்ட்ராக்டரை அனுப்பிவிடலாம்.

பரண் இல்லாததால் டக்ட் இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும்: நடைபாதையில் தாழ்த்திய உட்கூரைக்குள், அல்லது கூரை மேல் வெயிலில். மேலே ஓடும் டக்ட்டின் இணைப்புகளில் கசிவு இருந்தால் நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று வானத்துக்குப் போகும். கசிவுச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும், செய்யாமல் வாங்காதீர்கள். இயந்திரம் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடுவது என்றால் பழசு. அந்த வாயுவை அமெரிக்காவில் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020-இலேயே நின்றுவிட்டன. ஒரு கசிவு வந்தால் மெஷினையே மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கோடையில் ஏசி நின்றால் மிக அடிக்கடி காரணமாக இருப்பது கெப்பாசிட்டர். தகர டப்பா மாதிரி, உள்ளங்கையில் அடங்கும் பாகம். சூட்டில் உப்பிப்போகும், வெளியே ஃபேன் சுற்றாமல் ‘உம்’ என்ற ஒலி மட்டும் வரும். பாகத்தின் விலை சில பத்து டாலர். ஜூலை சனிக்கிழமை மாலை ஆளைக் கூப்பிட்டால் அதற்குப் பல மடங்கு. மே மாதமே சர்வீஸ் செய்து, காயிலில் அடைந்த மணலைக் கழுவி, கெப்பாசிட்டர் அளவைச் சோதித்துக்கொள்வது வழக்கம். பழைய வீடு சிலவற்றில் தண்ணீர் சொட்டும் கூலர் இன்னும் கூரையில் இருக்கும். மே, ஜூன் வறட்சியில் அது பிரமாதமாக வேலை செய்யும். ஜூலை பிற்பாதியில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்துவிட்டால் வீடு புழுங்கும். கூலரை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மின்கட்டணம் சதர்ன் கலிபோர்னியா எடிசன் நிறுவனத்திடம். நேர அடிப்படைத் திட்டங்களில் மாலை 4 முதல் 9 வரை விலை கூடுதல். நண்பகலிலிருந்து நான்கு மணிவரை 24 டிகிரிக்கு இறக்கி, நான்குக்கு மேல் 26-க்கு விடுவது இங்கே பலர் கையாளும் வழி. ஸ்லாப் தரை குளிர்ச்சியைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். விற்பவரிடம் ஜூலை, ஆகஸ்ட் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அவர் கோடையில் அங்கே இருந்தாரா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; இல்லாதவர் என்றால் அந்தப் பில் உங்களுக்கு உதவாது.

கண்ணாடி. இதை வரைந்தவர்கள் வெயிலைத் தெரியாதவர்கள் அல்ல. ஜூன் 21 நண்பகலில் இந்த ஊரில் சூரியன் ஏறத்தாழ 80 டிகிரி உயரத்தில் நிற்கும்; டிசம்பர் 21-இல் 33 டிகிரி. தெற்குச் சுவருக்கு வெளியே 4 அடி நீட்டிய கூரை, ஜூன் நண்பகலில் 20 அடிக்கு மேல் கீழே நிழல் போடும். 8 அடிக் கண்ணாடி முழுக்க மறைந்துவிடும். டிசம்பரில் அதே நீட்டம் மேல் இரண்டரை அடியை மட்டும் மறைக்க, மீதி வெயில் தரையில் வந்து படுக்கும். கோடையில் நிழல், குளிர்காலத்தில் இதமான வெயில்.

மேற்கில் இந்தக் கணக்கு கைகொடுக்காது. ஜூன் மாதம் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் 35 டிகிரியில்; 4 அடி நீட்டம் மூன்றடிகூட மறைக்காது. தெருவமைப்புக்காக வீடுகளைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள் என்றேனே, அதன் விலை இது: ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றின் கண்ணாடி தெற்கு பார்க்கும், மற்றது மேற்கு பார்க்கும். திசைகாட்டி இல்லாமல் வீடு பார்க்கப் போகாதீர்கள். மேற்கு என்றால் வெளியே இறக்கும் திரை, மரம், அல்லது ஜாலி வைத்த கான்கிரீட் சுவர் வேண்டும். உள்ளே போடும் திரை வெப்பம் உள்ளே வந்த பிறகு மறைப்பதுதான்.

பழைய கண்ணாடி ஒற்றைத் தகடு. 1977-க்கு முந்தியது என்றால் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பும் குறைவு. யாராவது மோதினால் கத்தி கத்தியாக உடையும். ஆளுயரக் கண்ணாடியை முதலில் மாற்றுங்கள். கூரைக்கடியில் இருக்கும் முக்கோணக் கண்ணாடிகள் காத்திருக்கலாம். வெப்பத்தைத் திருப்பும் லோ-ஈ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் அதன் சட்டம் தடிமனாக வந்து விட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே பட்டை பட்டையாகத் தெரியும். மெல்லிய அலுமினியச் சட்டம் கேளுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவது மலிவான இடைவழி. இரட்டைக் கண்ணாடியில் தவறான ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விடும்.

தரைக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஸ்லாப்புக்கு அடியில். அறுபது ஆண்டுக்கு மேலான இரும்பு. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். சின்ன முக்கோணம் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. தரையில் ஓரிடம் மட்டும் காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் வெந்நீர்க் குழாய் ஓட்டை. கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. இணைப்பு நகரச் சாக்கடைக்கா, செப்டிக் தொட்டிக்கா என்றும் கேளுங்கள். இந்த ஊரில் பழைய வீடுகள் சில இன்னும் தொட்டியில்தான் ஓடுகின்றன.

குழாய் மாற்ற ஸ்லாப்பை உடைக்க மனம் வராமல் பலர் புதுக் குழாயைக் கூரை மேல் ஓட்டிவிடுகிறார்கள். விளைவு, ஆகஸ்டில் ‘குளிர்ந்த’ குழாயைத் திறந்தால் கை சுடும். பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு வெயில் பட்டாலே ஆயுள் குறையும். வெளிச்சுவர் ஓரமாக மண்ணில் பள்ளம் தோண்டிக் கொண்டுபோய் ஒவ்வொரு குளியலறைக்கும் உள்ளே ஏற்றுவது செலவு கூடுதல், ஆனால் தலைவலி குறைவு.

தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் 9 அங்குலச் சதுர ஓடுகள் தெரிகின்றனவா? அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அடியில் இருக்கும் கறுப்புப் பசையிலும் இருக்கலாம். உடைக்காமல் மேலே வேறு தரை போட்டுவிட்டால் ஆபத்தில்லை. உடைப்பது என்றால் அதற்கு முன் முறையான அஸ்பெஸ்டாஸ் ஆய்வு வேண்டும் என்பது அங்குள்ள காற்றுத்தர வாரியத்தின் விதி. மின்பேனலில் பழைய ஸ்டாப்-லாக் வகை பிரேக்கர் இருந்தால் மாற்றச் சொல்வார்கள். ஓவர்லோடு வந்தாலும் ட்ரிப் ஆகாமல் நிற்பதாகப் பேர் வாங்கியது. மின்காரும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எப்படியும் 200 ஆம்பியர் பேனல் தேவைப்படும்.

குளம் இல்லாமல் இந்த வீடு இல்லை, அதனால் சுருக்கமாக. 16-க்கு 32 அடிக் குளத்தில் நாளுக்குக் கால் அங்குலம் ஆவியானால் 300 லிட்டர் போகிறது. கோடையில் அதைவிட அதிகம். ஆவியா, ஓட்டையா என்று அறிய ஒரு வாளி போதும். குளத்து நீரையே வாளியில் நிரப்பி இரண்டாவது படியில் வையுங்கள். வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறியுங்கள். மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. குளம் அதிகம் இறங்கியிருந்தால் ஓட்டை.

வேலிச் செடியைப் பற்றி விற்பவர்கள் பேசமாட்டார்கள். இந்த ஊரின் பழைய தெருக்களில் தனிமைக்காக எட்டடி, பத்தடி உயரத்துக்கு வளர்த்திருப்பது அரளி. 1990-களிலிருந்து அதை ஒரு பாக்டீரியா நோய் தின்றுவருகிறது. சாறுறிஞ்சும் பூச்சி பரப்புவது. இலை ஓரம் மஞ்சளாகி, தீய்ந்ததுபோல் பழுப்பாகும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். சில ஆண்டில் செத்துவிடும், மருந்து கிடையாது. உங்கள் அமைதிக்குச் சுவரே அந்த வேலிதான் என்றால் அது ஒரு பெரிய செலவு. பலர் ஃபைகஸ் நடுகிறார்கள். அத்தி ஆல வகை, வேர் குளத்தையும் மதிலையும் நெம்பும். நம்மூர்க் கரட்டில் தானாக முளைக்கும் விராலி அங்கே வேலிச் செடியாக நர்சரிகளில் விற்கிறது; வேரும் அடங்கியது, தண்ணீரும் குறைவு. எதை நட்டாலும் சொட்டுநீர்தான். தெளிப்பான் நீர் ஜாலிச் சுவரில் பட்டால் உப்பு பூத்து, கல் பொரிந்து உதிரும்.

அமைதியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்த மாதம் பார்த்தீர்கள்? ஆகஸ்டில் பாதித் தெரு காலி. எல்லாத் தெருவும் அமைதிதான். பிப்ரவரியில் இந்த வகை வீடுகளைக் கொண்டாடும் மாடர்னிசம் வீக் விழா நடக்கும் நாள்களில், 2006 முதல் நடப்பது, சுற்றுலாப் பேருந்து உங்கள் வாசலில் நின்று படம் எடுக்கும். அதைவிட முக்கியம் பக்கத்து வீடு. குளமும் நெருப்புக்குழியும் உள்ள இந்த வீடுகளை நாள் வாடகைக்கு விடுவது பெரிய தொழில். 2022-இல் நகரசபை, ஒவ்வொரு பேட்டையிலும் 20 சதவீத வீடுகளுக்கு மேல் அனுமதி இல்லை, புதிதாக அனுமதி வாங்குவோர் ஆண்டுக்கு 26 முறைதான் விடலாம் என்று முடிவெடுத்தது. ஆனால் பழைய அனுமதிகள் தொடர்வதால் சில பேட்டைகள் அந்த வரம்பைத் தாண்டியே நிற்கின்றன. உங்கள் பேட்டையின் சதவீதத்தை நகர அலுவலகத்தில் கேளுங்கள். அதோடு மார்ச் மாதச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். தெருவிளக்கும் நடைபாதையும் பல பேட்டைகளில் கிடையாது, டார்ச் எடுத்துப் போங்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அடுத்த வீட்டு ஸ்பீக்கரைத் தடுக்கும் சக்தி இல்லை. பகல் சத்தத்தில் ஒரு நிம்மதி: பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் கருவிக்கு 2019 முதல் ஊரில் தடை.

கதவு வண்ணம். வீடு ‘கிளாஸ் ஒன்’ வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். அப்படி என்றால் வெளித்தோற்றத்தில் எதைத் தொடுவதற்கு முன்பும் நகரின் வரலாற்றுச் சின்னக் குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, வரலாற்றுக் கட்டடங்களைப் பேணுவோருக்கான மில்ஸ் சட்ட ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். அது 10 ஆண்டு ஒப்பந்தம், ஒவ்வோராண்டும் தானாக ஓராண்டு நீளும், கூரை, விட்டம் போன்றவற்றைப் பராமரிக்கும் கடமையும் சேர்ந்து வரும். சின்னமாக இல்லாமல், குடியிருப்போர் சங்க விதியும் இல்லாமல் இருந்தால் கதவு உங்கள் இஷ்டம். மேற்குப் பார்த்த கதவென்றால் மட்டும், ஆரஞ்சு சீக்கிரம் வெளிறும் வண்ணம் என்பதால் வெளிப்புறத்துக்கான முழு அக்ரிலிக் பெயின்ட்டாக வாங்குங்கள். இரண்டு கோடைக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டிவரும். கலவை எண்ணைக் கதவின் மேல்விளிம்பில் பென்சிலால் எழுதிவைத்துவிடுங்கள்.